நவம்பர் 14-ம் பெண் மூலமும்

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு தோழர் நமக்குக் கடிதம் எழுதி, அதோடு ஒரு தினசரிக் காலண்டர் தாளையும் கிழித்து அனுப்பியிருக்கின்றார். அது நவம்பர் மாதம் 14-ந் தேதித் தாள். அதன் தலைப்பில் நேரு அவர்களின் படமும், குழந்தைகள் தினம் என்ற எழுத்தும் அச்சாகியிருக்கின்றன. அதே தாளின் அடியில் ராகுகாலம், எமகண்டம், குளிகை, சூலம், சூலத்திற்குப் பரிகாரம், எந்த நட்சத்திரக்காரருக்குச் சந்திராஷ்டமம் என்பவைகளெல்லாம் வரிசையாக அச்சாகியிருக்கின்றன. மேலே குழந்தையைக் கொஞ்சுகின்ற காகிதமே கீழே அந்தக் குழந்தையின் தலையில் கல்லைப் போடுகின்றது.

கடிதத்தின் சங்கதி இதுதான். அவ்வூரில் ஒரு பெண், நவம்பர் 14-ந் தேதி பிறந்தவர். ஆஸ்பத்திரியில் நர்சு அம்மாள், நேரு மாமா பிறந்த நாளில் பிறந்த பிள்ளை என்று சந்தோஷப்பட்டாராம். வீட்டுக்கு வந்து பஞ்சாங்கத்தைப் பிரித்தவுடன் சந்தோஷம் போய்விட்டது. நட்சத்திரம் மூலமாம். அந்தப் பெண் வளர்ந்து, பட்டம் வாங்கி, இன்று சொந்தச் சம்பாத்தியத்தில் இருக்கின்றார். இதுவரை மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்து, சொஜ்ஜி பஜ்ஜி தின்று, பெண் நன்றாயிருக்கின்றது என்றும் சொல்லி, ஜாதகத்தைக் கேட்டவுடன் எழுந்து போய்விட்டார்கள். பெண் மூலம் மாமனாருக்கு ஆகாதாம். தகப்பனாரோ நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வில் வந்த பணத்தில் ஒரு பகுதி பரிகாரம், ஹோமம், தட்சணை என்று போய்விட்டது. இப்பொழுது ஒரு தரகர் வந்து, பிறந்த தேதியை ஒரு நாள் தள்ளி வேறு ஜாதகம் எழுதிக் கொள்ளலாம் என்று யோசனை சொல்லுகின்றாராம். இதைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன என்று தோழர் கேட்கின்றார்.

நம் அபிப்பிராயம் கேட்பதற்கு முன், அந்தத் தேதியே என்ன சொல்லுகின்றது என்று பார்ப்போம்.

நவம்பர் 14-ல் 1889-ம் வருஷம் அலகாபாத்தில் நேரு பிறந்தார். அதே தேதியில் 1891-ல் கனடா தேசத்தில் பிரடெரிக் பான்டிங் பிறந்தார். நீரிழிவு கண்ட குழந்தைகள் எலும்பும் தோலுமாகிச் செத்துக் கொண்டிருந்த காலத்தில், 1921-ல் பெஸ்ட் என்ற மாணவரோடு சேர்ந்து ஆராய்ந்து இன்சுலின் மருந்தைக் கொண்டுவந்தவர் அவர். கோடி கோடியாகச் சம்பாதித்திருக்கக் கூடிய அந்த மருந்தின் உரிமையை அவருடைய கூட்டத்தார் ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரண்டோ சர்வகலாசாலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் இன்று அத்தேதி உலக நீரிழிவு தினம் என்று கொண்டாடப்படுகின்றது. மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை இருக்கின்றது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்சுலின் ஊசி போட்டுக் கொண்டு உயிரோடிருக்கும் மாமனார்கள் எத்தனை பேர்! அவர்களைக் காப்பாற்றியது பரிகார ஹோமமா, பான்டிங்கின் மருந்தா?

அதே நவம்பர் 14-ல், 1797-ம் வருஷம் ஸ்காட்லாந்தில் சார்லஸ் லயல் பிறந்தார். கடவுள் உலகத்தைப் படைத்து ஆறாயிரம் வருஷம்தான் ஆகின்றது என்று பாதிரிமார் கணக்குச் சொல்லிக் கொண்டிருந்த நாளில், மழையும் ஆறும் கடலும் எரிமலையும் இன்று செய்கின்ற வேலையையே அன்றும் மெல்ல மெல்லச் செய்து, கணக்கிலடங்காக் காலத்தில் இந்தப் பூமியை உருவாக்கின என்று 1830 முதல் 1833 வரையில் மூன்று பாகமாகப் புத்தகம் வெளியிட்டார். டார்வின் கப்பலேறிய போது அதன் முதல் பாகத்தைக் கையில் கொண்டு போனார்.

இந்த லயலுக்கும் நம் பெண்ணின் தகப்பனாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிரம்பச் சம்பந்தமிருக்கின்றது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி என்பது என்ன? ஒரு காலத்தில் அங்கே நின்ற மரமும் செடியும் மண்ணில் புதைந்து, லட்சக்கணக்கான வருஷமல்ல, கோடிக்கணக்கான வருஷம் அழுந்திக் கிடந்து கரியாக மாறியதே யாகும். பக்கத்திலே திருவக்கரையில் கல்லாய்ப் போன மரங்கள் சுமார் 2 கோடி வருஷத்தவை என்று நிலநூலார் சொல்லுகின்றார்கள். அந்த வட்டாரத்துப் பாறைக்கே அவர்கள் இட்டிருக்கும் பெயர் கடலூர் மணற்கல் என்பது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் தண்ணீருக்காகக் குழாய் இறக்கினபோது கருப்பாக ஏதோ வந்தது. பூமாதேவிக்குக் கோபம் என்று யாராவது சொல்லி, பொங்கல் வைத்து மூடியிருந்தால் இன்று நெய்வேலி ஏது? ஆராய்ந்தார்கள், தோண்டினார்கள். நெய்வேலி நிலக்கரிக் கம்பெனி பதிவானதும் 1956-ம் வருஷம் இதே நவம்பர் 14-ந் தேதிதான். மறு வருஷம் மே மாதம் 20-ந் தேதி நேருவே வந்து சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார்.

ஆகவே அந்தத் தகப்பனார் தம் ஆயுசில் பாதியை எங்கே கழித்திருக்கின்றார்? கோடி வருஷத்துக் காட்டைத் தோண்டி எடுக்கும் இடத்தில் கழித்திருக்கின்றார். எந்த நாளில் தோண்டினால் கரி வரும் என்று ஒருநாளாவது அங்கே ஜாதகம் பார்த்ததுண்டா? ராகுகாலத்தில் எடுத்த கரி எரியாமல் போனதுண்டா? எமகண்டத்தில் உண்டான மின்சாரத்தில் விளக்கு எரிய மறுத்ததுண்டா? வேலை செய்யுமிடத்தில் ஒரு புத்தியும், வீட்டு வாசற்படி ஏறினவுடன் வேறொரு புத்தியுமா? கரிக்கு வேண்டாத ஜாதகம் பெற்ற பெண்ணுக்கு மாத்திரம் ஏன்?

நாளுக்குச் சுபாவம் உண்டு என்போர் இன்னும் சில கணக்குகளுக்கும் பதில் சொல்லட்டும். குழந்தைகள் தினம் என்று நாம் மிட்டாய் கொடுக்கும் இதே தேதியில்தான் 1940-ல் ஜெர்மன் விமானங்கள் இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரத்தின் மேல் இரவெல்லாம் குண்டு போட்டு ஐந்நூறு பேருக்கு மேல் கொன்றன. இதே தேதியில்தான் 1960-ல் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கருப்பினக் குழந்தை, வெள்ளைப் பிள்ளைகள் மட்டும் படித்த பள்ளிக்கூடத்துக்குள் சர்க்கார் காவலர் நால்வர் துணையோடு காலடி வைத்தது. வெளியே பெரியவர்கள் கூடி நின்று கூச்சலிட்டார்கள். வெள்ளையர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு போய்விட்டார்கள். ஒரே ஒரு ஆசிரியை அந்த ஒரே குழந்தைக்கு அவ்வருஷம் முழுவதும் பாடம் நடத்தினார். சேரன்மாதேவி குருகுலத்தில் நம் பிள்ளைகளைத் தனிப்பந்தியில் வைத்த சங்கதியை மறக்காதவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குழந்தை உள்ளே போனது நட்சத்திர பலத்தாலா? கோர்ட்டுத் தீர்ப்பினாலும், பெற்றோரின் துணிவினாலும், அந்த ஆசிரியையின் யோக்கியதையினாலும் போயிற்று.

சகுனக்காரர்களுக்காகவே ஒன்று மீதி இருக்கின்றது. 1969-ம் வருஷம் நவம்பர் 14 வெள்ளிக்கிழமை. அமெரிக்கர்கள் மூன்று பேரை ஏற்றி அப்போலோ 12 என்ற ராக்கெட்டை நிலவுக்கு விட்டார்கள். அவ்வூர் நேரப்படி மணி காலை 11-22. நம் காலண்டர் தாளின்படி வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை சுத்த ராகுகாலம்! மழை வேறு. கிளம்பி ஒரு நிமிஷம் ஆவதற்குள் இரண்டு முறை இடி விழுந்தது. இதைக் கேட்டவுடன் ஜோசியருக்கு வாயெல்லாம் பல்லாகும். அவர் சற்றுப் பொறுக்கட்டும். இடி விழுந்தவுடன் தரையிலிருந்தவர்கள் தேங்காய் உடைக்கவில்லை. ஜான் ஆரன் என்ற வாலிபர் கோளாறு எங்கே என்று கண்டு, இன்ன விசையைத் திருப்பு என்றார். திருப்பினார்கள், சரியாயிற்று. இருவர் நிலவில் இறங்கி நடந்தார்கள். மூவரும் நவம்பர் 24-ல் சுகமாகத் திரும்பி வந்தார்கள். 2008-ல் இதே நவம்பர் 14-ல், அதுவும் ஒரு வெள்ளிக்கிழமைதான், நம் நாட்டுச் சந்திரயான் இறக்கிய கருவி மூவர்ணக் கொடியோடு நிலவில் போய் விழுந்தது. எந்தச் சந்திரனை வைத்து இந்தப் பெண்ணுக்கு நட்சத்திரம் குறித்தார்களோ, அந்தச் சந்திரன் மேலேயே மனிதன் நடந்தாயிற்று, நம் கருவியும் போய் விழுந்தாயிற்று. இங்கே ஒரு பெண் மட்டும் அதற்குப் பயந்து வீட்டில் உட்கார வேண்டுமாம்!

இது நிற்க. இங்கிலீஷ் தேதியை வைத்துப் பேசுகிறீர்களே, எங்களுக்கு நட்சத்திரமல்லவா முக்கியம் என்று சிலர் சொல்லக்கூடும். நல்லது, நட்சத்திரத்தையே எடுத்துக் கொள்ளுவோம். மூலம் என்பது தேள் போன்ற விண்மீன் கூட்டத்தின் வால் பகுதி. அங்கிருந்து ஒளி புறப்பட்டு நம் கண்ணுக்கு வந்து சேருவதற்கே சில நூறு வருஷம் பிடிக்கின்றது. ஆகவே இப்பெண் பிறந்த இரவில் தெரிந்த வெளிச்சம், அவருடைய பாட்டிக்குப் பாட்டி பிறப்பதற்கும் முன்பே அங்கிருந்து கிளம்பியது. அது மேல்பட்டாம்பாக்கத்தை விசாரித்துக் கொண்டு வந்து, இன்னும் யாரென்றே தெரியாத ஒரு மாமனாரின் உயிரை வாங்குமா?

இன்னும் கணக்குப் பாருங்கள். நட்சத்திரம் 27. ஆகவே பெண்களில் 27-ல் ஒருவர் மூலத்தில் பிறந்துதான் தீரவேண்டும். இந்தியாவில் மட்டும் அப்படிப்பட்டவர்கள் சுமார் இரண்டரைக் கோடி இருப்பார்கள். மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்தாருக்கு ஆகாது, விசாகம் கொழுந்தனுக்கு ஆகாது என்கின்றார்கள். நான்கையும் கூட்டினால் ஏழு பெண்ணில் ஒருத்தி கொலைகாரி! உலகத்திலே தினம் மூன்றரை லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. ஒரே வீட்டில் ஒரே நாழிகையில் பிறக்கின்ற இரட்டைப் பிள்ளைகளிலேயே ஒன்று படிக்கின்றது, ஒன்று படிப்பதில்லை. ஒன்று பிழைக்கின்றது, ஒன்று இறக்கின்றது.

எல்லாவற்றிலும் பெரிய அக்கிரமம் எது தெரியுமா? "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்ற பழமொழிதான். அதே நட்சத்திரம், அதே நாழிகை. ஆணாய்ப் பிறந்தால் ராஜ யோகம், பெண்ணாய்ப் பிறந்தால் குலநாசம். வானத்திலுள்ள விண்மீனுக்கு இந்தப் பூமியில் பிறந்தது ஆணா பெண்ணா என்று எட்டிப் பார்த்துப் பலன் மாற்றும் வேலையும் உண்டா? இல்லை. அந்த வேலை பஞ்சாங்கக்காரனுடையது. மருமகளால் மாமனார் சாவார் என்று எழுதினவன், மருமகனால் மாமியார் சாவாள் என்று எழுதிப் பயமுறுத்தி எத்தனை மாப்பிள்ளைகளை வீட்டில் உட்கார வைத்திருக்கின்றான்? பெண் வீட்டார் பயந்தால்தான் பரிகாரம் நடக்கும், வரதட்சணை ஏறும், பெண்ணும் தலைகுனிந்து வருவாள் என்பதன்றி இதில் வேறு சாஸ்திரம் ஏதாவது உண்டா?

அந்தத் தரகர் சொன்ன யோசனை ஒருவிதத்தில் நமக்கு மிகவும் உதவியாயிருக்கின்றது. தேதியை ஒரு நாள் தள்ளி எழுதிவிட்டால் தோஷம் போய்விடுமென்றால், தோஷம் வானத்தில் இல்லை, காகிதத்தில்தான் இருக்கின்றது என்று தரகரே ஒப்புக் கொண்டாராயிற்று. எத்தனையோ கலியாணங்கள் இப்படித் திருத்தின ஜாதகத்தில் நடந்து, மாமனார்கள் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டு திரிவதைப் பார்க்கின்றோம். ஆனாலும் அப்பெண்ணின் ஜாதகத்தைத் திருத்த வேண்டாம் என்பதே நம் அபிப்பிராயம். பொய்யை வேறொரு பொய்யால் மறைத்தால் முதற்பொய்க்குத்தான் மரியாதை. ஆயுள் முழுவதும் பிறந்த நாளை மறைத்துக் கொண்டு வாழ்வது ஒரு வாழ்வாகுமா?

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. தலைவர் பிறந்த நாளன்று ஆஸ்பத்திரிக்குப் போய், அன்று பிறந்த குழந்தைக்கு மட்டும் தேடித் தேடி மோதிரம் போடுவதும், அதே நாளில் பிறந்ததால் இதுவும் பெரிய ஆளாக வரும் என்று மேடையில் பேசுவதும் வேறென்ன? ஜோசியத்துக்குக் கருப்புச் சட்டை மாட்டிய கதைதான். முதல் நாள் பிறந்த குழந்தையின் விரல் என்ன பாவம் செய்தது? நாளை நினைவு வைத்துக் கொள்ளுவது அந்நாளில் மனிதர் செய்த காரியத்தை நினைப்பதற்காகவே யொழிய, நாளுக்குக் கற்பூரம் காட்டுவதற்கல்ல.

ஆகவே தோழருக்கு நாம் சொல்லுவது: அந்தப் பெண்ணுக்கு யாரும் வாழ்வு கொடுக்க வேண்டியதில்லை. படிப்பும் சம்பாத்தியமும் உடைய அவருக்கு வாழ்வு இருக்கின்றது. ஜாதகம் கேட்கின்ற வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அவரே சொல்லட்டும். அவருக்கும் ஒருவருக்கும் மனமொத்தால், புரோகிதரில்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967-ல் சட்டமே செய்தாகிவிட்டது. நாள் பார்க்க வேண்டாம். பார்த்தே தீர வேண்டுமென்றால் நல்ல ராகுகாலமாகப் பாருங்கள். சத்திரம் சுலபமாகக் கிடைக்கும். தகப்பனார் மீதியிருக்கும் பணத்தைப் பரிகாரத்துக்குக் கொடாமல் பெண்ணின் பெயரில் பாங்கியில் போடட்டும்.

மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், பண்ணுருட்டி, நெய்வேலிப் பக்கத்து வாலிபர்களை நாம் கேட்டுக் கொள்ளுவதும் ஒன்று உண்டு. பெண் பார்க்கப் போகும்போது உங்கள் தாய் தகப்பனார் ஜாதகம் கேட்டால், வேண்டாம் என்று அந்த இடத்திலேயே வாயைத் திறந்து சொல்லுங்கள். மூன்று இடத்திலிருந்து வந்த மூன்று மாப்பிள்ளைகளும் படித்தவர்களாம். மூன்று பேரில் ஒருவராவது வாயைத் திறந்தாரா? இல்லை. அந்த மௌனத்திற்கு எந்தக் கிரகத்தைக் குற்றம் சொல்லுவது?