"கியர் இல்லாம மரை வருமா?"

'மரை கழண்டு போச்சா?' என்று யாரையாவது ஒரு தடவையாவது திட்டியிருப்போம். அந்த மரையை லேத்தில் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? போன ஞாயிறு வரை நானும் பார்த்ததில்லை. இத்தனைக்கும் என் சித்தப்பா கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர்!

பெரிய லேத்தில் மரை போட, சுற்றும் டயலைப் பார்த்துச் சரியான நொடியில் லிவரைப் போட வேண்டும். கண் ஆபரேஷனுக்குப் பிறகு சித்தப்பாவுக்கு அந்த நொடி தப்பிப்போகிறது. மரை வேலை வந்தால் அடுத்த தெருப் பட்டறைக்கு அனுப்பிவிடுகிறார். வருமானமும் கூடவே போகிறது.

மூலையில் ஒரு குட்டி லேத், பிளாஸ்டிக் கியரில் பல் உடைந்து இரண்டு வருடமாகத் துணி மூடிக் கிடந்தது. எடைக்குப் போடலாம் என்று அவர் முடிவெடுத்தபோது தம்பி குறுக்கே விழுந்தான். வேலைக்குப் போய் வாங்கிய முதல் இரண்டு மாதச் சம்பளத்தை அதில் கொட்டினான். கியர்களைக் கழற்றிவிட்டு, ஒரு ஸ்டெப்பர் மோட்டார், ஒரு என்கோடர், உள்ளங்கை அளவு போர்டு ஒன்று என்று மாட்டியும் விட்டான்.

"கியர் இல்லாம மரை எப்படிடா வரும்?" என்றார் சித்தப்பா. என்னைத் துப்பட்டாவைக் கழற்றி ஆணியில் மாட்டச் சொல்லிவிட்டுத்தான் லேத் பக்கமே விட்டார்.

வழக்கமான 10 மி.மீ போல்ட்டில் மரைக்கும் மரைக்கும் இடைவெளி 1.5 மி.மீ. அதாவது ராடு ஒரு சுற்று சுற்றினால், டூல் பக்கவாட்டில் சரியாக 1.5 மி.மீ நகர வேண்டும். 1800-வாக்கில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே உருவாக்கிய லேத்திலேயே இந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டவை கியர்கள். தம்பியின் லேத்தில், சக் எவ்வளவு சுற்றியது என்று என்கோடர் எண்ணிச் சொல்கிறது. அதற்கேற்ப மோட்டார் லீட் ஸ்க்ரூவைத் திருப்புகிறது.

ஆனால் மரையை ஒரே வெட்டில் போட முடியாது. ஆழம் சுமார் 0.92 மி.மீ. கொஞ்சம் கொஞ்சமாக எட்டு, பத்து தடவை ஓட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் டூல் பழைய தடத்திலேயே விழ வேண்டும். விலகினால் ராடு குப்பைக்குத்தான்.

முதல் ஓட்டம் சும்மா கீறல். பிட்ச் கேஜை வைத்தால் பல்லோடு பல் பொருந்தியது. தம்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். மூன்றாவது ஓட்டத்தில், இரண்டு தடங்களுக்கு நடுவே டூல் புதிதாக ஒரு தடம் போட்டது. ராடை மாற்றினோம். நான்காவது ஓட்டத்தில் அதே கதை.

தம்பி லேப்டாப்பைத் திறந்து புரோகிராமை நோண்ட ஆரம்பித்தான். அரை மணி நேரம் போனது, முகம் வாடிவிட்டது. 'அப்பவே சொன்னேனே' என்று சித்தப்பா ஆரம்பிப்பார் என நினைத்தேன். நம் வீடுகளில் அதுதானே வழக்கம்? அவரோ மார்க்கர் பேனாவை எடுத்து வந்து, என்கோடர் ஷாஃப்ட்டும் அதிலிருந்த குட்டிப் புல்லியும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"இப்ப ஓட்டு கண்ணு. நிறுத்தி நிறுத்தி ஓட்டு."

ஐந்தாறு தடவை ஓட்டி நிறுத்தியதும் பார்த்தால், கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. புல்லி வழுக்கியிருக்கிறது! கிரப் ஸ்க்ரூ லூஸ். சக் ஒரு கோணத்தில் நிற்க, போர்டு வேறு கோணத்தைக் கணக்கில் வைத்திருந்திருக்கிறது. புரோகிராமில் தப்பே இல்லை.

"பெல்ட் போட்ட மெஷின்ல கணக்கு தப்புனா, மொதல்ல புல்லியத்தான் பாக்கோணும்."

ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு மூன்றாவது ராடு. பத்து ஓட்டம், ஆயில் புகை, சுருள் சுருளாக இரும்பு. பிசிறைத் தட்டிவிட்டு, கடையில் வாங்கிய நட் ஒன்றை சித்தப்பா விரலால் திருகினார். ஆட்டமும் இல்லை, பிடித்தமும் இல்லை. கடைசி மரை வரை போய் நின்றது.

"அரை இன்ச் பைப் மரை?"

பம்ப் வேலைக்கு அதுதான் முக்கியம். ஓர் இன்ச்சுக்கு 14 மரை. ஓர் இன்ச் 25.4 மி.மீ என்பதால், மி.மீ கணக்கில் ஓடும் லேத்தில் இன்ச் மரை துல்லியமாக வர 127 பல் கியர் தேவைப்படும். அவ்வளவு பெரிய கியரை மாட்ட இந்த லேத்தில் இடமே இல்லை. தம்பி போர்டில் ஓர் எண்ணை மாற்றினான். பைப் மரையும் வந்தது.

சித்தப்பா போனை எடுத்தார். "அந்த நிப்பிள் வேலைய வேற எங்கயும் குடுத்துடாதீங்க. நாளைக்கு நம்ம பட்டறைக்கே அனுப்பிச்சு விடுங்க."

கிளம்பும்போது, பழைய கியர்களைத் தம்பி எடைக்குப் போடும் சாக்கில் போட்டான். சித்தப்பா அவற்றை எடுத்து, துடைத்து, அலமாரியில் வைத்தார்.

"போர்டு போச்சுன்னா?"