சமையற்கட்டும் சந்நிதியும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை கோவிலிலிருந்து திரும்பி வருகையில் என் இல்லாள் ஒரு கேள்வி கேட்டாள். "நாள் முழுவதும் ஆண்டவருடைய சந்நிதியில் வாழ வேண்டும் என்று பிரசங்கியார் சொல்லிவிட்டார், அவருக்கென்ன! அடுப்பைப் பற்ற வைத்தது முதல் இரவு பாத்திரம் கவிழ்க்கும் வரையில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. நான் அவரை எப்பொழுது நினைப்பது?"

எந்தக் கேள்விக்கும் விடை வைத்திருக்க வேண்டியவன் உபாத்தியாயன். ஆயினும் எனக்கு நா எழவில்லை. என் கதையும் அதுதானே? காலை ஜெபத்தை முடித்துக்கொண்டு வகுப்பில் நுழைகிறேன். அரை மணிக்குள் யாராவது ஒரு பையன் மேல் சீறி விழுகிறேன். ஜெபம் போன இடம் தெரிவதில்லை.

வீடு வந்து யோசித்தபோது ஒரு சமையற்காரரின் நினைவு வந்தது. பிரான்ஸ் தேசத்தை அடுத்திருந்த லொரேன் பிரதேசத்தில் பிறந்தவர். நிக்கோலா எர்மான் என்று பெயர். பதினெட்டாம் பிராயத்தில், குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நின்ற ஒரு மரத்தைக் கண்டார். சில நாளில் இது தளிர்த்துப் பூத்துக் காய்க்குமே என்று எண்ணியபோது கடவுளின் வல்லமை அவர் உள்ளத்தில் பதிந்தது. பின்னர் போர்வீரராகிக் காயம்பட்டுக் கால் ஊனமானார். 1640-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் சபை மடத்தில் சேர்ந்து, சகோதரர் லாரன்ஸ் என்று பெயர் பூண்டார்.

அவருக்குக் கிடைத்தது மடைப்பள்ளி உத்தியோகம். சமையல் என்றாலே அவருக்கு வெறுப்பு. அந்த வேலையில் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் கழித்தார்!

அங்கே அவர் செய்தது மிக எளிது. வேலை தொடங்குமுன் இறைவனிடம் ஒரு வார்த்தை பேசுவார். வேலைக்கு நடுவே இன்னொரு வார்த்தை. வாணலியில் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதையும் அவர்மேலுள்ள அன்புக்காகவே செய்வார். வேலை முடிந்ததும் தம்மைச் சோதித்துப் பார்ப்பார். நன்றாக நடந்திருந்தால் நன்றி கூறுவார். மறந்து வழுவியிருந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மனம் சோராமல் மறுபடியும் தொடங்குவார். நாளடைவில், ஜெப வேளைக்கும் மடைப்பள்ளியின் கூச்சலுக்கும் அவருக்கு வேற்றுமையே இல்லாமற் போயிற்று.

இது உடனே கைகூடியது என்று நினைத்துவிட வேண்டாம். முதல் பத்து ஆண்டுகள் அவர் பெரிதும் துன்புற்றார். தமக்கு மீட்சியே இல்லை என்ற பயமும் நெடுங்காலம் அவரை வாட்டியது. ஆயுள் முழுவதும் இப்படியே கழிந்தாலும் கழியட்டும், அன்பை மட்டும் விடுவதில்லை என்று துணிந்த பிறகே அமைதி கிடைத்தது. 1691-ல் அவர் காலமான பின், ஜோசப் தெ போபோர் என்ற குருவானவர் அவருடைய கடிதங்களையும் சம்பாஷணைகளையும் தொகுத்து வெளியிட்டார். அச்சிறு நூலைக் கத்தோலிக்கரும் புரொட்டஸ்டாண்டுகளும் ஒருங்கே போற்றி வருகின்றனர்.

இந்த வரலாற்றில் என் மனத்தைத் தொட்டது அவர் அடைந்த சித்தியன்று. மறந்த பிறகு திரும்பி வந்த விதந்தான். நாம் மறந்துவிட்டோமே என்று வருந்துவதிலேயே பாதி நாளைப் போக்குகிறோம். அந்த வருத்தமும் நம்மைப் பற்றிய சிந்தனைதான், இறைவனைப் பற்றியதன்று. தடுக்கி விழுந்த குழந்தை, விழுந்த இடத்தை ஆராய்ந்துகொண்டா இருக்கிறது? தாயை நோக்கி அல்லவா ஓடுகிறது!

இதையெல்லாம் இல்லாளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவருக்கே பத்து வருஷமா? அப்படியானால் எனக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே உலையில் அரிசியைக் களைந்து போட்டாள்.

மறுநாள் வகுப்பில் கணக்குத் தப்பாகப் போட்ட ஒரு பையனை நோக்கி வழக்கம்போல் குரலை உயர்த்தினேன். பாதி வாக்கியத்தில் நினைவு வந்தது. நிறுத்தி, மனத்துக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவன் அருகில் உட்கார்ந்து கணக்கை முதலிலிருந்து போட்டுக் காட்டினேன். அன்றைக்கு ஆண்டவரை மறந்தது எத்தனை முறையோ. திரும்பியது அந்த ஒரு முறைதான். நாளைக்கு இரண்டு முறை ஆகாதா?