இடம் தந்தோம், இதயம் தந்தோமா?

சங்கரன்கோவிலிலே, விசைத்தறி ஓசை ஓயாத தெருவொன்றில் வளர்ந்து, அரசுப் பள்ளியிலே படித்துத் தேறிய பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் ஊரே பூரிக்கிறது. மாலைகள் விழுகின்றன, சுவர்களிலே வாழ்த்துச் சுவரொட்டிகள் மின்னுகின்றன. மகிழத்தான் வேண்டும்! நீட் தேர்வு வந்தபின் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரியில் அருகிப்போனார்கள். அந்த அநீதிக்கு மாற்றாக அவர்களுக்கு 7.5 விழுக்காடு இடமளிக்கும் சட்டம் 2020-இல் வந்தது. சட்டம் செல்லும் என்று 2022-இல் உயர்நீதிமன்றமும் கூறிற்று. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. கதவு திறந்தது!

ஆனால் தோழர்களே, உள்ளே சென்ற பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டோர் எத்தனை பேர்?

வில்லியம் ஷுட்ஸ் எனும் அமெரிக்க உளவியலறிஞர் 1958-இல் வெளியிட்ட நூலிலே, மனிதன் சக மனிதனிடம் நாடும் தேவைகள் மூன்று என்றார். கூட்டத்தில் தன்னையும் ஒருவனாகச் சேர்த்துக்கொள்வது ஒன்று. அதிகாரத்திலும் கட்டுப்பாட்டிலும் தனக்குரிய இடம் மற்றொன்று. நெருங்கிய அன்பு மூன்றாவது. மருத்துவ மாணவனுக்கு இம்மூன்றும் கிட்டுகின்றனவா?

முதலாவது, சேர்த்துக்கொள்வது. தமிழிலே படித்த பிள்ளை, ஆங்கில மழையிலே நனைந்து நிற்கிறான். ஐயம் எழுகிறது, கேட்டால் நகைப்பரோ என்று நா அடங்குகிறது. இது அறிவின் குறையா? அல்ல! யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே சாமுவேல் கிறீன் எனும் அமெரிக்க மருத்துவர், 19-ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்துக் காட்டினார்; பாடநூல்களையும் தமிழாக்கினார். தமிழில் சிந்திக்கும் மூளைக்கு மருத்துவம் எட்டாக்கனி அன்று. எட்டாதிருப்பது, பக்கத்து இருக்கைக்காரனின் தோழமை!

இரண்டாவது, அதிகாரம். 1996-இல் சிதம்பரத்திலே மருத்துவம் பயின்ற நாவரசு, மூத்த மாணவனால் கொலையுண்டார். நாடு நடுங்கிற்று, 1997-இல் தமிழகம் ராகிங் தடைச் சட்டம் இயற்றிற்று. சட்டம் கையை ஓங்கவிடாது தடுக்கலாம். "நீ சிறியவன், வாய் திறவாதே" எனும் மனப்பான்மையை அகற்றுமா? பட்ட மேற்படிப்பு மாணவரின் பணிச்சுமை எத்தகையது? தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல், வாரத்திற்கு 74 மணிக்கு மேல் வேலை வாங்காதீர் என்று பரிந்துரைக்க நேர்ந்தது! ஆலைத் தொழிலாளிக்கு 48 மணி என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டமே வரம்பு கட்டியது. உயிர் காக்கப் பயில்பவனுக்கு 74 மணியே சலுகையாம்!

மூன்றாவது, அன்பு. அதே பணிக்குழுவின் ஆய்விலே பங்கேற்ற இளநிலை மாணவருள் 27.8 விழுக்காட்டினர் தமக்கு மனநலக் குறை உண்டு என்றனர். நால்வருக்கு ஒருவர்! அவர்கள் யாரிடம் சொல்வார்கள்? தறியில் நிற்கும் தந்தையிடமா? மகன் பெயருக்குமுன் 'டாக்டர்' சேர்த்து அழைத்துப் பார்த்து மகிழும் தாயிடமா? மாலையிட்ட ஊரிடம், "என்னால் தாங்க இயலவில்லை" என்று எப்படிச் சொல்வான்? அன்று கழுத்திலே விழுந்த மாலையே இன்று வாயைக் கட்டுகிறது!

"துன்பப்பட்டால்தான் நல்ல வைத்தியனாவான்" என்பாருண்டு. துன்பம் உழைப்பைக் கற்பிக்கலாம். அவமதிப்பு எதைக் கற்பிக்கும்? தன் சொல்லுக்குச் செவி கிடைக்காதவன், நாளை அரசு மருத்துவமனையிலே வரிசையில் நிற்கும் மூதாட்டியின் சொல்லுக்குச் செவி கொடுப்பானா? மாணவனின் மனம் காப்பது, நோயாளியின் உயிர் காப்பதே!

ஆகவே அரசை நாம் கேட்பது இது: முதலாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும், மதிப்பெண் இடும் அதிகாரம் இல்லாத ஓர் ஆசிரியரைத் துணையாக்குக. பணி நேர வரம்பை ஏட்டிலிருந்து விடுதிக்கும் வார்டுக்கும் கொண்டுவருக.

தோழர்கள் செய்யவேண்டியதும் உண்டு. நம் ஊரிலிருந்து முன்னே சென்று மருத்துவம் பயில்வோரைப் புதிதாகச் செல்வோரோடு இணையுங்கள். சுவரொட்டி கிழிந்து ஆறு திங்கள் ஆனபின், ஒருநாள் விடுதிக்குச் செல்லுங்கள். மதிப்பெண்ணைக் கேளாதீர், "சாப்பிட்டாயா, தூங்கினாயா, பேச ஆளிருக்கிறதா?" என்று கேளுங்கள்.

பாவு மட்டும் ஆடையாகாது. ஊடை நூல் குறுக்கே ஓடவேண்டும் என்பதைச் சங்கரன்கோவிலுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. சட்டம் பாவு விரித்துவிட்டது. ஊடையாக ஓடவேண்டியது உறவு!