காரை எங்கே நிறுத்துவது?

கார் வாங்குவது இந்தக் காலத்தில் பெரிய காரியம் அல்ல. பாங்கு கடன் கொடுக்கிறது. மாதத் தவணை கட்டினால் போதும். கார் வாசலில் வந்து நிற்கும். மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, குடும்பத்தோடு கோவிலுக்குப் புறப்படலாம்.

அங்கேதான் தொல்லை ஆரம்பமாகிறது. கோவிலுக்குப் போன காரை எங்கே நிறுத்துவது?

ஆற்காட்டில் கேளுங்கள், வேலூரில் கேளுங்கள், ஆம்பூரில் கேளுங்கள். கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். "ஓட்டுவது சுலபம். நிறுத்துவதுதான் பெரும் பாடு!"

இந்த 3 ஊர்களும் 2019-ம் ஆண்டு வரை ஒரே மாவட்டத்தில் இருந்தன. இப்போது ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. மாவட்டம் மூன்றாகிவிட்டது. ஆனால் கடைத்தெரு ஒரு முழம்கூட அகலமாகவில்லை!

ஆற்காடு நவாபுகளின் தலைநகரமாக இருந்த ஊர். 1751-ல் ராபர்ட் கிளைவ் பிடித்த ஊர். அந்தக் காலத்தில் குதிரையும் பல்லக்கும் மாட்டு வண்டியும் போவதற்குப் போட்ட தெருக்களில், இன்று காரும் பஸ்சும் ஆட்டோவும் போகின்றன. போனால் கூடப் பரவாயில்லை. நிற்கவும் வேண்டும் என்கின்றன.

காரைப் பிள்ளைபோல் வளர்ப்பவர்கள்

சிலருக்குக் கார் என்றால் உயிர். காலையில் எழுந்ததும் துடைப்பார்கள். ஒரு கீறல் விழுந்தால் அன்று சாப்பாடு இறங்காது. இவர்கள் படும் கவலையைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. பாடுபட்டுச் சேர்த்த பணம் அல்லவா?

தெருவில் விட்டால் பக்கத்து வண்டிக்காரன் உரசிவிடுவான். கண்ணாடியை மடக்காமல் விட்டால் ஒடித்துவிடுவார்கள். போலீசார் பூட்டுப் போடுவார்கள், அல்லது இழுத்துப் போவார்கள். திருடன் பயம் வேறு. எல்லாவற்றுக்கும் மேலே வெயில்! வேலூரை "வெயிலூர்" என்று சும்மாவா சொல்கிறார்கள்? பதனிட்ட தோலை உச்சி வெயிலில் போட்டால் விறைத்துவிடும் என்பது நம் ஊர்த் தோல் தொழிலாளிக்குத் தெரியும். நிழல் பார்த்து உலர்த்துவார். அதே தோலில் தைத்த ஆசனம் உள்ள காரைத்தான் நாம் நாள் முழுவதும் வெயிலில் விட்டுவிட்டுப் போகிறோம்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. "ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோவில், தண்ணீர் இல்லாத ஆறு" என்பார்கள். 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோவிலுக்குச் சாமி வந்துவிட்டார். அந்தக் குறை தீர்ந்தது. அந்த இடத்தில் "நிறுத்த இடம் இல்லாத கார்" என்று சேர்த்துக்கொள்ளலாம்!

1909-ல் வந்த கார்

வேலூருக்கும் காருக்கும் உள்ள உறவு நேற்று வந்தது அல்ல. 1900-ம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையுடன் இங்கே மருத்துவமனை தொடங்கியவர் ஐடா ஸ்கடர் அம்மையார். 1909-ல் அவருக்கு ஒரு கார் கிடைத்தது. பிரெஞ்சு நாட்டுப் பெஜோ கார். அதில் மருந்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குப் போவார். சாலை ஓரத்தில், மரத்தடியில் கார் நிற்கும். நோயாளிகள் காரைத் தேடி அங்கே வருவார்கள்.

இன்று நிலைமை தலைகீழ். அந்த ஒற்றைப் படுக்கை, சி.எம்.சி. என்ற பெரிய மருத்துவமனையாக வளர்ந்திருக்கிறது. வங்காளத்தில் இருந்தும் வருகிறார்கள். சித்தூரில் இருந்தும் வருகிறார்கள். நோயாளிதான் காரில் வருகிறார். அந்தக் கார் நிற்கத்தான் மரத்தடி இல்லை. அம்மையாரின் பெயரைக் கொண்ட ஐடா ஸ்கடர் ரோட்டிலேயே கார்கள் ஊர்ந்து போகின்றன.

நினைத்துப் பாருங்கள். வயதான தாயாரை அழைத்துக்கொண்டு மகன் வருகிறான். வாசலில் இறக்கிவிடுகிறான். பின்னால் ஆட்டோ ஹாரன் அடிக்கிறது. காவலாளி "எடு, எடு" என்கிறார். தாயார் சக்கர நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். மகன் இடம் தேடித் தெருத்தெருவாகச் சுற்றுகிறான். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்க மகன் பக்கத்தில் இல்லை.

2022-ல் அதே மருத்துவமனை ராணிப்பேட்டை மாவட்டம் கன்னிகாபுரத்தில், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலைப் பக்கம் பெரிய வளாகம் ஒன்றைத் திறந்தது. நல்ல காரியம். ஆனால் எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே கொண்டுபோக முடியுமா? மார்க்கெட்டைக் கொண்டுபோக முடியுமா? கோட்டையைத்தான் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

"நிர்வாகம் பொறுப்பல்ல"

சரி, தெருவில் வேண்டாம் என்று காசு கொடுத்து நிறுத்தும் இடத்துக்குப் போகிறோம். ஒரு சீட்டுக் கொடுக்கிறார்கள். அதில் என்ன எழுதி இருக்கிறது? "வாகனத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல!"

பொறுப்பல்ல என்றால் காசு எதற்கு? வெறும் மண்ணுக்கா? கூரை இல்லை. இரவில் விளக்கு இல்லை. சீட்டுக் கொடுக்கும் பையன் மாலையில் வீட்டுக்குப் போய்விடுகிறான். வண்டி காணாமல் போனால் யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த விஷயத்தில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்று உண்டு.

1998-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி. இரவு 11 மணி. டெல்லி தாஜ்மகால் ஓட்டலுக்கு ஒருவர் மாருதி ஜென் காரில் வந்தார். வாசலில் நின்ற ஓட்டல் ஊழியரிடம் சாவியைக் கொடுத்தார். ஊழியர் ஒரு சீட்டுக் கொடுத்தார். இரவு 1 மணிக்கு வெளியே வந்து பார்த்தால் காரைக் காணோம்! வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"சீட்டைப் பாருங்கள். காரை நிறுத்துவது உங்கள் சொந்தப் பொறுப்பு என்று அச்சிட்டு இருக்கிறோம்" என்றது ஓட்டல். வழக்கு நடந்தது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல. 21 வருஷம்! 2019 நவம்பர் 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. சாவியை வாங்கிக்கொண்டால் கார் உங்கள் காவலில் இருக்கிறது. அதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். சீட்டில் நாலு வார்த்தை அச்சிட்டுவிட்டு, சொந்த அலட்சியத்துக்குப் பொறுப்பில்லை என்று தப்ப முடியாது என்றது. ரூ.2 லட்சத்து 80 ஆயிரமும் அதற்கு வட்டியும் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு நிலைத்தது.

அது சாவியைக் கொடுத்த வழக்கு. சாவியை நாமே வைத்துக்கொண்டு, இடத்துக்கு மட்டும் காசு கொடுத்தால் சட்டம் அதே மாதிரி பேசும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நியாயம் ஒன்றுதானே? காசு வாங்குகிறவர் காவலும் தரவேண்டும். நகராட்சிகள் வாகனம் நிறுத்தும் இடங்களை ஏலம் விடுகின்றன. யார் அதிகத் தொகை கேட்டார் என்று மட்டும் பார்க்கிறார்கள். விளக்கு உண்டா, காவலாள் உண்டா, நிழல் உண்டா என்று யார் பார்க்கிறார்கள்?

135 சதுர அடி

இனி, கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளக் கூடாது.

10 லட்சம் ரூபாய் கொடுத்துக் கார் வாங்குகிறோம். அதை நிறுத்த 20 ரூபாய் கேட்டால் முகம் சுளிக்கிறோம்! "ஐந்தே நிமிஷம்" என்று சொல்லி அடுத்தவர் வாசலில் நிறுத்துகிறோம். மருந்துக் கடை வாசலில் நிறுத்துகிறோம். பள்ளிக்கூட வாசலில் நிறுத்துகிறோம். நடைபாதையின் மேலேயே ஏற்றிவிடுகிறோம். நடைபாதையிலும், பஸ் நிறுத்தத்திலும், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வாசல்களிலும் வண்டியை நிறுத்தக்கூடாது என்று 2017-ம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. யார் கேட்கிறார்கள்?

ஒரு கார் நிற்க எவ்வளவு இடம் வேண்டும் தெரியுமா? கட்டிட விதிகளின்படி இரண்டரை மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். கணக்குப் போட்டால் சுமார் 135 சதுர அடி. ஒரு சின்னக் குடித்தன அறையின் அளவு! அப்படிப்பட்ட அறையில் தோல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் பெண் தன் பிள்ளைகளோடு குடியிருப்பாள். மாதம் பிறந்தால் வாடகை கொடுப்பாள். அதே அளவு இடத்தைத் தெருவில் பிடித்துக்கொண்டு நிற்கும் காருக்கு மட்டும் ஏன் வாடகை இல்லை?

நடைபாதை போய்விட்டால் அந்தப் பெண் எங்கே நடப்பாள்? நடுத்தெருவில் நடப்பாள். பஸ் அவள்மீது இடிக்கும். காரில் கீறல் விழுவதைவிட இது பெரிய ஆபத்து அல்லவா? கார் பத்திரமாக இருந்தால் போதாது. காரைச் சுற்றிப் போகிறவர்களும் பத்திரமாக வீடு போய்ச் சேரவேண்டும்.

வெளிநாட்டார் இதை முன்பே யோசித்துவிட்டார்கள். 1935 ஜூலையில் அமெரிக்காவில் ஓக்லகாமா நகரத்துத் தெருவில் காசு போடும் மீட்டர் வைத்தார்கள். ஒரு மணி நேரம் நிறுத்த 5 சென்ட். உலகத்திலேயே முதல் மீட்டர் அதுதான். ஜப்பானில் 1962-ல் ஒரு சட்டம் வந்தது. கார் வாங்குகிறவர், அதை நிறுத்த வீட்டில் இருந்து 2 கிலோ மீட்டருக்குள் இடம் இருக்கிறது என்று காட்டவேண்டும்.

நம் ஊருக்கு ஜப்பான் சட்டம் அப்படியே சரிப்படுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஒரே ஒரு டாக்சியை ஓட்டிப் பிழைப்பவர் இடத்துக்கு எங்கே போவார்? அவர் வயிற்றில் அடிக்கக்கூடாது. ஆனால் ஒரே வீட்டில் இரண்டாவது கார் வாங்கும்போது "இதை எங்கே நிறுத்தப்போகிறீர்கள்?" என்று கேட்பதில் தவறு இல்லை.

பிரியாணிக்கு ஒரு நிமிஷம்

ஆம்பூரில் வேறு விதமான ஆபத்து. நெடுஞ்சாலை ஊரின் நடுவே போகிறது. பிரியாணி வாசனை வந்தால் யாருக்குத்தான் நிறுத்தத் தோன்றாது? ஆனால் சாலையின் விளிம்பிலேயே நிறுத்திவிட்டு இறங்கக்கூடாது. இரவில் லாரிகள் பேய்போல வருகின்றன. விளக்கு இல்லாமல் நிற்கும் காரை லாரி டிரைவர் கண்டுகொள்வதற்குள் விபத்து நடந்துவிடும். கொஞ்சம் தள்ளி, உள் தெருவில் இடம் பார்த்து நிறுத்துங்கள். நடந்து வாருங்கள். பசியும் நன்றாக எடுக்கும்.

பூட்டாத கார்

வீட்டுக்குள் நிறுத்திவிட்டோம், இனிக் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். தாய்மார்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

2022 ஜூன் மாதம், நெல்லை மாவட்டம் பணகுடி. நின்றுகொண்டிருந்த ஒரு காருக்குள் 3 குழந்தைகள் விளையாடப் போனார்கள். கதவு மூடிக்கொண்டது. திறக்கத் தெரியவில்லை. பெற்றோர் ஊரெல்லாம் தேடினார்கள். காரில் பார்த்தபோது 3 பேரும் இறந்து கிடந்தார்கள்.

மூடிய கார் வெயிலில் நின்றால் அடுப்புதான். 10 நிமிஷத்துக்குள் உள்ளே 10 டிகிரி அளவுக்குச் சூடு ஏறிவிடும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு வேகமாகச் சூடாகும். கோடையில் 100 டிகிரியைத் தாண்டும் வேலூரில் கேட்க வேண்டுமா? "தூங்குகிறான், எழுப்ப வேண்டாம், கண்ணாடியை லேசாக இறக்கிவிட்டுப் போவோம்" என்று கடைக்குப் போகிறார்களே, அவர்களை என்ன சொல்வது! வீட்டு வாசலில் நின்றாலும் காரைப் பூட்டுங்கள். சாவியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் காரைப் பாருங்கள். பிறகு கிணற்றடிக்கும் தெருவுக்கும் ஓடலாம்.

ஞாயிற்றுக்கிழமை கதவு

இடமே இல்லை என்று கையை விரிக்கிறார்கள். உண்மையில் இடம் இல்லையா?

ஞாயிற்றுக்கிழமைதான் கடைத்தெருவில் கூட்டம். அன்றைக்குத்தான் அரசாங்க ஆபீசுகளுக்கு விடுமுறை. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல், காலணித் தொழிற்சாலைகள் பல அன்று ஓய்வில் இருக்கும். எல்லாவற்றுக்கும் சுற்றுச்சுவர் இருக்கிறது. மரம் இருக்கிறது. வாசலில் காவலாளியும் இருக்கிறார்! ஒருநாள் மட்டும் அந்த முற்றங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு கார்களை விட்டால் என்ன? காவலாளிக்கும் ஒரு பங்கு கொடுக்கலாம். பள்ளிக்கூடத்துக்குக் கிடைக்கும் பணத்தில் பெஞ்சு வாங்கலாம்.

கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமைகளில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. கார் வைத்திருப்பவர்களும், கார் இல்லாமல் நடப்பவர்களும் சேர்ந்தே ஒரு மனு கொடுக்கலாம். அரைத் தாள் போதும். ஏலத்தில் விடும் ஒவ்வொரு இடத்திலும் விளக்கும் நிழலும் இரவுக் காவலும் வேண்டும். கட்டணம் எவ்வளவு என்று பலகையில் எழுதவேண்டும். சீட்டில் வண்டி நம்பரும் நேரமும் இருக்கவேண்டும். "பொறுப்பல்ல" என்ற வார்த்தை இருக்கக்கூடாது. நடைபாதையில் நிற்கும் வண்டி யாருடையதாக இருந்தாலும் அபராதம் போடவேண்டும். அதில் அதிகாரிகளின் ஜீப்பும் சேர்த்தி.