பகிடியாப் படிப்போம், பகிடி பண்ணாதீங்க

மட்டக்களப்பு டவுனில நாலு மதிலைப் பார்த்தால் ஒண்டிலயாவது ஸ்போக்கன் இங்கிலிஷ் விளம்பரம் இருக்கும். மூன்று மாசத்தில சரளமாப் பேசலாமாம். போய்ச் சேர்ந்தா முதல் நாளே ஒரு ஃபோட்டோகொப்பி தருவாங்க. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ். “ஒரு நாளைக்குப் பத்து பாடமாக்குங்க.” இப்ப அதே பட்டியலைக் கலர் அட்டையிலயும் ஆப்பிலயும் போட்டு ‘ஜாலியா ஆங்கிலம்’ எண்டு விக்கிறாங்க.

பட்டியலுக்குக் கலர் அடிச்சா அது விளையாட்டாகிடாது. பிள்ளைகளிட்ட ஆங்கிலச் சொல் பெருகோணும் எண்டால் முதல்ல வகுப்பில ஒரு சிரிப்பு நிக்கோணும்.

எந்தச் சிரிப்பு எண்டு எல்லாருக்கும் தெரியும். எங்கட வகுப்பில ஒருத்தன் எழும்பி ‘ஐலண்ட்’ எண்ட சொல்லை ‘இஸ்லாண்ட்’ எண்டு வாசிச்சான். வகுப்பே சிரிச்சது, நாங்களும் சேர்ந்துதான் சிரிச்சம். அவனுக்குப் பட்டப்பேரே அதுவாப் போச்சு. அதுக்குப் பிறகு இங்கிலிஷ் பாடத்தில அவன் வாய் திறக்கவே இல்ல.

உண்மையில அங்க பிழை விட்டது அவன் இல்ல. பழைய ஆங்கிலத்தில அந்தச் சொல்லில ‘எஸ்’ எழுத்தே கிடையாது. லத்தீன் வழி வந்த வேற ஒரு சொல்லோட இதைக் குழப்பி, சில நூறு வருசத்துக்கு முந்தி ஆங்கிலேயப் படிச்சவங்கதான் அந்த எழுத்தை உள்ள செருகினாங்க. அவங்கட பிழை அகராதியில ஏறிட்டுது, எங்கட பொடியன்ட வாசிப்பு பகிடியாப் போச்சு. இந்தக் கதையை அண்டைக்கு ஆராவது சொல்லியிருந்தா வகுப்பில ஒருத்தரும் அந்தச் சொல்லை மறந்திருக்க மாட்டம்.

சரி, பாடமாக்கினா என்ன பிழை? நைஜல் ரிச்சர்ட்ஸ் எண்டு ஒரு நியூசிலாந்துக்காரர் இருக்கிறார். 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகச் சம்பியன் அவர்தான். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சில வாரத்தில சொற்பட்டியலை மனப்பாடம் செய்துட்டுப் போய் வெண்டுட்டார். பெரிய திறமைதான். ஆனா மொழி தெரியாமலே அதின்ட சொல்லெல்லாம் தெரிஞ்சிருக்கலாம் எண்டதுக்கும் அவர்தான் சாட்சி. எங்கட பிள்ளைகளையும் அப்படித்தான் ஆக்கிறம், சம்பியன் கிண்ணம் மட்டும் இல்ல.

இதில நட்டப்படுறது ஆர்? 1814இல் வில்லியம் ஓல்ட் எண்ட மெதடிஸ்த மிஷனரி மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். இந்த நகரத்துக்கு ஆங்கிலக் கல்வி வந்து இருநூறு வருசம் தாண்டிட்டுது. ஆனா அது வாவியைக் கடக்கத்தான் கஷ்டப்படுது. மண்முனைப் பாலம் 2014இல் திறந்தாச்சு, பஸ்ஸும் ஓடுது. எண்டாலும் எழுவான்கரையில ரியூஷனுக்குப் போற பிள்ளைக்கும் படுவான்கரையில வயல் வேலைக்கு நடுவில படிக்கிற பிள்ளைக்கும் ஒரே சோதனைத்தாள். உயர்தரம் வரை தமிழில படிச்சிட்டுக் கம்பஸ் போனா, பல துறைகளில விரிவுரை ஆங்கிலத்தில நடக்கும். சிரிப்புக்குப் பயந்து பத்து வருசம் வாய் மூடியிருந்த பிள்ளை அங்க என்ன செய்யும்? சிங்கள இளைஞர் ஆங்கிலத்துக்கு வச்ச பேர் ‘கடுவ’, வாள் எண்டு அர்த்தம். அந்த வாள் எங்கட கையிலயும் இருக்கு, நாங்களும் எங்கட ஆக்களையே வெட்டுறம்.

அப்ப என்ன செய்யலாம்? காசு செலவில்லாத நாலு வழி சொல்றம்.

ஒண்டு, கல்லடிப் பாலத்தில நிண்டு கண்ணில படுறதுக்கெல்லாம் ஆங்கிலப் பேர் தேடுங்க. வாவி ‘லகூன்’, கண்டல் ‘மேங்குரோவ்’, வீச்சுவலை ‘காஸ்ட் நெட்’. தெரியாததைக் கொப்பியில குறிச்சு வந்து அகராதியில பாருங்க. கண்ணால கண்ட பொருளின்ட பேர் லேசில மறக்காது.

ரெண்டு, மேட்ச் பார்க்கேக்க டிவியின்ட சத்தத்தைக் குறைச்சிட்டு ஒருத்தர் ஆங்கிலத்தில கொமன்ட்ரி சொல்லோணும். ஒரு ஓவருக்கு ஒருத்தர். பந்து நிக்காது, அதால இலக்கணம் யோசிக்கவும் நேரம் இல்ல. வாய் தானாத் திறக்கும்.

மூண்டு, பேர்–ஊர்–பழம்–மிருகம் விளையாட்டை ஆங்கிலத்தில விளையாடுங்க. எழுதின சொல்லை வச்சு ஒரு வசனம் சொன்னாத்தான் புள்ளி.

நாலு, சொந்தக்காரச் சொல் தேடுங்க. ‘கட்டமரான்’, ‘செரூட்’ எல்லாம் எங்கட கட்டுமரமும் சுருட்டும்தான். போர்த்துக்கேயர் விட்டுப்போன ‘கதிரை’யும் ஆங்கிலத்தின்ட ‘சேர்’ உம் ஒரே லத்தீன் சொல்லின்ட பேரப்பிள்ளைகள். இப்படிப் பார்த்தா ஆங்கிலம் அவ்வளவு அந்நியமாத் தெரியாது.

நாலுக்கும் சட்டம் ஒண்டுதான்: பிழைக்குச் சிரிக்கிறவர் அந்தச் சொல்லை வச்சு மூண்டு வசனம் சொல்லோணும்.

“விளையாடினா ஓ.எல். பாஸாகுமா?” எண்டு அம்மாமார் கேப்பினம். ஞாயமான கேள்வி. விளையாட்டு மட்டும் காணாது, வாசிக்கோணும், எழுதோணும். ஆனா பேசவே பயப்படுற பிள்ளை அந்த இடத்துக்கு வந்து சேராது. “ஆங்கிலம் கூடினாத் தமிழ் போயிடும்” எண்டுறவங்க காரைதீவில பிறந்த சுவாமி விபுலாநந்தரைப் பாருங்க. லண்டன் பி.எஸ்ஸி. பட்டதாரி அவர். ஷேக்ஸ்பியரை வாசிச்சுத் தமிழில ‘மதங்க சூளாமணி’ எழுதினார், யாழ் நூலும் தந்தார்.

ரீச்சர்மாரிட்டயும் அண்ணன்மார் அக்காமாரிட்டயும் எங்களிட்டயும் ஒரே வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பிள்ளை ‘இஸ்லாண்ட்’ எண்டு வாசிச்சா சிரிக்க வேணாம். அந்த ‘எஸ்’ எப்படி உள்ள வந்தது எண்ட கதையைச் சொல்லுங்க. அதைக் கேட்டு எல்லாரும் சேர்ந்து சிரிக்கலாம்.