பெயர் எழுதாத சைக்கிள்

"என்ன பிராண்ட்?"

கோலக்கெட்டிலில் ஒரு கடை முன் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுத் தே தாரிக் கேட்பதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். என் சைக்கிள் முழுக்கக் கறுப்பு. கியரிலும் டயரிலும் பெயர் உண்டு. பிரேமில் ஓர் எழுத்தும் கிடையாது. "பிராண்ட் இல்லண்ணே" என்றால் கேட்டவரின் முகம் கொஞ்சம் மாறும். "ஓ, சைனாவா? ஒடைஞ்சிராது?" என்பார். பக்கத்து மேசையிலிருந்து இன்னொருவர், "எல்லாம் ஒரே தொழிற்சாலைதான்பா. ஸ்டிக்கருக்குத்தான் பத்தாயிரம் வாங்குறான்" என்பார். ஓராண்டாக இந்த இரண்டு பதில்களையும் மாற்றி மாற்றிக் கேட்டு வருகிறேன். இரண்டுமே தவறு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சைக்கிளில் ஆர்வமில்லாதவர்களும் சற்றுப் பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சிடாம் கிரி பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, இப்போது இங்கே இயந்திரப் பொறியியல். கடையில் கார்பன் சைக்கிளின் விலைச்சீட்டைப் பார்த்தேன்: 12,000 வெள்ளி. அப்பாவின் மாதச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். பருவ விடுமுறையில் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டாகப் பதினொரு வாரம் நின்றேன். அந்தப் பணத்தில் பெயரில்லாத கார்பன் பிரேம் ஒன்றைச் சீனாவிலிருந்து வரவழைத்தேன். பிரேம், ஃபோர்க், சீட்போஸ்ட், அஞ்சல், வரி எல்லாம் சேர்த்து 2,100. யாரோ கழற்றிப்போட்ட ஷிமானோ 105 கியர்த் தொகுப்பு 1,100. அலுமினியச் சக்கரங்கள் 750. ஹேண்டில், சீட், டயர், கேபிள் என்று இன்னொரு 600. ஆக 4,550 வெள்ளி. இது சின்னப் பணம் என்று சொல்ல நான் யார்? என்றாலும் பன்னிரண்டாயிரம் இல்லை.

முதலில், "சைனாவா" என்று முகம் சுளிப்பவர்களுக்கு.

பெயரில்லாத பிரேம் வேறு, போலிப் பிரேம் வேறு. புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரைத் திருடி ஒட்டி விற்பது போலி. பெயரில்லாதது அப்படியல்ல. ஒரு தொழிற்சாலை சொந்தச் செலவில் அச்சு செய்து, அதில் வரும் பிரேமை யார் கேட்டாலும் விற்கிறது. ஐரோப்பாவில் ஒரு சிறு நிறுவனம் அதை வாங்கித் தன் பெயரை எழுதினால் அது 'பிராண்ட்'. நான் வாங்கி ஒன்றும் எழுதாவிட்டால் 'சைனா'.

பெயர் ஓரிடம், கை ஓரிடம் என்பது சைக்கிளுக்குப் புதிதும் அல்ல. தமிழ்நாட்டில் நம் உறவினர்கள் ஓட்டிய ஹெர்குலிஸ் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்தின் பெர்மிங்ஹாம் பெயர் அது. ஆனால் 1949-இல் முருகப்பா குடும்பம் ஓர் ஆங்கில நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ், சென்னை அம்பத்தூரில் அதைச் செய்தது. பிலிப்ஸ், பிஎஸ்ஏ என்ற ஆங்கிலப் பெயர்களும் பின்னர் அங்கேயே ஒட்டப்பட்டன. தைவானின் ஜயன்ட் 1972-இல் தொடங்கியபோது மற்றவர்களுக்குச் சைக்கிள் செய்து கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனம்தான். சொந்தப் பெயரை எழுதத் தொடங்கியது 1981-இல். கூலிமில் நான் பெட்டியில் அடுக்கிய பொருள்களும் வேறு யாருடைய பெயரையோ தாங்கித்தான் கப்பலேறின. செய்த கை எது என்று எந்தக் கடையிலும் யாரும் கேட்கப்போவதில்லை.

ஆகவே, ஆசியாவில் செய்தது என்பதற்காக ஒரு பொருளை இழிவாகப் பார்ப்பது அறியாமை. அதிலும் தோட்டத்திலிருந்து வந்த நாம் அப்படிப் பார்க்கலாமா?

இனி அடுத்த மேசைக்காரருக்கு. இவரைத்தான் எனக்கு அதிகம் பயம், ஏனென்றால் ஒரு காலத்தில் நானே அவராக இருந்தேன்.

"எல்லாம் ஒரே தொழிற்சாலை" என்பது பாதி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கார்பன் பிரேம் இரும்புக் குழாய் போன்றதல்ல. பிசின் தோய்ந்த கார்பன் துணியை நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் குறித்த கோணத்தில் கையால் அடுக்கி, அச்சுக்குள் வைத்துச் சூடேற்றி இறுக வைக்கிறார்கள். இழை ஓடும் திசையில்தான் அதற்குப் பலம். எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எந்தக் கோணம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே அச்சில் நல்ல பிரேமும் செய்யலாம், மோசமான பிரேமும் செய்யலாம். மேலே சாயம் பூசிவிட்டால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இரும்பு உடைவதற்கு முன் பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும். கார்பன் வளையாமலே போய்விடும்.

அப்பா பால் மரம் வெட்டியவர். மங்கில் உறைந்த கட்டிப்பால் எங்கே போகும், எந்தப் பெயரில் விற்கும் என்று சிறு வயதில் கேட்டிருக்கிறேன். "பேரு ஏது? நம்பர்தான்" என்றார். பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் அதன் பொருள் விளங்கியது. முன்பெல்லாம் ரப்பரைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரித்தார்கள். 1965-இல் நம் நாடு தரநிர்ணய ரப்பர் திட்டத்தைக் கொண்டுவந்தது. எந்தத் தோட்டம், யார் வெட்டியது என்ற கேள்வி அதில் இல்லை. ஆய்வுக்கூட அளவுதான் பேசும். இன்று எஸ்எம்ஆர் 20 என்று விற்க வேண்டுமென்றால் அழுக்கு 0.16 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. பெயரில்லாத ரப்பரை உலகம் நம்பி வாங்குகிறது என்றால், யாரோ ஒருவர் சோதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பதால்தான்.

என் பிரேமுக்குக் கையெழுத்துப் போட்டவர் யார்? சைக்கிள் பாதுகாப்புக்கு ஐஎஸ்ஓ 4210 என்ற தரநிலை இருக்கிறது. பெடல் மிதிப்பதைப் போல ஆயிரக்கணக்கான முறை விசை கொடுத்தும், முன்பக்கம் மோதவிட்டும் பிரேமைச் சோதிக்கச் சொல்கிறது அது. நல்ல நிறுவனம் அச்சோதனையைச் செய்து, பழுது வந்தால் மாற்றியும் தருகிறது. பத்தாயிரத்தில் ஒரு பகுதி விளம்பரத்துக்கும் பந்தயக் குழுவுக்கும் போகிறது, சரி. இன்னொரு பகுதி இதற்குப் போகிறது. எனக்கு விற்றவரும் ஒரு சோதனைத் தாளை அனுப்பினார். அந்தத் தாள் என் பிரேமுக்கு உரியதா, அதே அச்சில் ஐந்தாண்டுக்கு முன் செய்த இன்னொன்றுக்கு உரியதா? தாளில் பதில் இல்லை. பந்தய ஒன்றியத்தின் ஒப்புதல் முத்திரை இருந்தால் போதும் என்பார் சிலர். 2011-இல் வந்த அந்த முத்திரை, பிரேமின் வடிவமும் அளவும் பந்தய விதிக்குள் இருக்கின்றனவா என்று பார்ப்பது. உடையாது என்ற உறுதிமொழி அல்ல.

பெட்டியைப் பிரித்த அன்றே பின்சக்கரத்துக்குப் போகும் இடப்பக்கக் குழாயில், சாயத்துக்கடியில் ஒரு புடைப்பைக் கண்டேன். பச்சைப் பயறு அளவுதான். விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "நண்பரே, சாயம் மட்டுமே, கவலை வேண்டாம்" என்று பதில் வந்தது. சமாதானத்துக்கு முப்பது டாலர் திருப்பித் தருகிறேன் என்றும் எழுதினார். விடுதி நண்பர்கள் வாங்கிக்கொள் என்றார்கள். நான் மூன்று வாரம் சைக்கிளைக் கட்டவில்லை. கடைசியில் எங்கள் புலத்து ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் இரக்கப்பட்டு, மீயொலிக் கருவியால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துக் கொடுத்தார். அடுக்குகள் பிரியவில்லை, சாயத்துக்கடியில் நிரப்புப் பசை திரண்டிருக்கிறது என்றார். அதன் பிறகுதான் தூங்கினேன்.

கவனியுங்கள். விலைச்சீட்டில் மிச்சமான ஏழாயிரத்து நானூற்றைம்பது வெள்ளியில் சோதனை அதிகாரி, பழுது பார்ப்பவர், உத்தரவாதம் தருபவர் ஆகியோரின் கூலியும் அடக்கம். அந்த வேலைகள் மறைந்துவிடவில்லை. என் தலையில் வந்து விழுந்தன. எனக்கு ஆய்வுக்கூடம் இருந்தது, கேட்டால் சொல்லும் விரிவுரையாளர் இருந்தார், கெட்டுப்போனால் இன்னொரு விடுமுறையில் வேலைக்குப் போகலாம் என்ற தைரியமும் இருந்தது.

கட்டும்போது கற்றவை பல. ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். பெடல் அச்சு உட்காரும் இடத்தில் மரை வெட்டிய பிரேமாகத் தேடி வாங்குங்கள். அழுத்திச் செருகும் வகையில் துளை மயிரளவு வட்டம் தப்பியிருந்தாலும் மிதிக்கும்தோறும் கிரீச்சிடும். (அந்த மரைக்குப் பெயர் பிஎஸ்ஏ, அம்பத்தூர் சைக்கிளில் இருந்த அதே பெர்மிங்ஹாம் பெயர். "மரை கழன்றவன்" என்று வீட்டில் என்னைத் திட்டியதும் இக்காலத்தில்தான்.) சக்கரத்தில் மலிவு கார்பன் ரிம் வேண்டவே வேண்டாம். குனோங் ஜெராய் 1,217 மீட்டர். குரூண் பக்கம் இறங்கும் வளைவுகளில் ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கை விடாமல் அழுத்தினால் ரிம் கொதிக்கும். அலுமினியம் தாங்கும், தரமற்ற பிசின் இளகிவிடும்.

சீட்போஸ்டை நானே உடைத்தேன். கம்பி மாதிரி இறுக்குவோமே, அப்படி இறுக்கினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், 140 வெள்ளி. கார்பனில் ஒவ்வோர் ஆணிக்கும் இவ்வளவு முறுக்குவிசை என்று கணக்குண்டு. என்னுடையதற்கு ஐந்து நியூட்டன் மீட்டர். அதை அளக்கும் டோர்க் ரெஞ்ச் 150 வெள்ளி. முதல் நாளே வாங்கியிருக்க வேண்டியது.

பிறகு ஸ்டிக்கர். பெயரில்லாத பிரேமில் இத்தாலியப் பெயரை ஒட்டி ஓட்டுபவர்கள் நம் பிள்ளைகளிலும் இருக்கிறார்கள். நாற்பது வெள்ளிக்குக் கிடைக்கிறது. எனக்கும் ஆசை வந்தது, மறைப்பானேன். இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் ஆண்டு, எந்தப் பள்ளியிலிருந்து வந்தாய் என்று கேட்டபோது பக்கத்து ஊர்த் தேசியப் பள்ளியின் பெயரைச் சொன்னவன் நான். ஒரு மாதத்தில் பிடிபட்டேன். அந்த நாளை நினைத்துக்கொண்டு ஸ்டிக்கரை வாங்காமல் விட்டேன்.

இப்போது சொல்லக் கடினமான பகுதிக்கு வருகிறேன்.

சித்தப்பா மகனுக்குப் பதினாறு வயது. தோட்டத்தில்தான் இருக்கிறான். இரவுச் சந்தையில் கடைக்கு உதவியாக நின்று 1,800 வெள்ளி சேர்த்திருந்தான். "அண்ணே, ஒங்களோடது மாதிரியே ஒன்னு கட்டிக் குடுங்கண்ணே" என்றான். முடியாது என்றேன். பழைய அலுமினியச் சைக்கிள் ஒன்றைத் தேடி, 1,300 வெள்ளிக்கு வாங்கிக் கொடுத்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. சித்திதான் பேசினார்: "ஒனக்கு ஒரு நியாயம், எம்புள்ளைக்கு ஒரு நியாயமா? நீ படிச்சவன், ஒனக்குக் கார்பன். அவனுக்குப் பழசு."

அம்மா என் பக்கம் நின்றார், ஆனால் வேறு காரணத்துக்காக. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் மாற்றியமைத்த 'லாஜாக்' சைக்கிள்களில் நள்ளிரவில் ஓடிய பையன்கள் எட்டுப் பேர் கார் மோதி இறந்தார்கள் அல்லவா? அன்றிலிருந்து, வீட்டில் கூட்டிக் கட்டிய சைக்கிள் என்றாலே அம்மாவுக்கு நடுக்கம். என் சைக்கிள் அந்த வகை அல்ல என்று எத்தனை முறை விளக்கியும் பயனில்லை.

சித்தியின் கேள்வி இன்னும் குத்துகிறது. ஏழைக்கு ஏற்றது மலிவுப் பொருள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்த மலிவு, சோதிக்கத் தெரிந்தவனுக்குத்தான் மலிவு. சோதிக்க வழியில்லாதவனுக்கு உத்தரவாதமுள்ள பொருள் வேண்டும், அல்லது வளைந்து எச்சரிக்கும் உலோகம் வேண்டும். என் முடிவு சரியென்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வழியை அவனுக்குக் காட்டாமல் "முடியாது" என்று மட்டும் சொன்னது சரியா?

அதனால் நம் கழகத்துக்கு ஒரு கோரிக்கை. ஆண்டுதோறும் தோட்டப் பள்ளிகளுக்குப் போகிறோம். தன்முனைப்பு உரை நிகழ்த்துகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம். அடுத்த முறை ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். டோர்க் ரெஞ்ச் இரண்டு, ஸ்பேனர் ஒரு பெட்டி, செயின் வெட்டும் கருவி ஒன்று. ஐந்நூறு வெள்ளிக்குள் அடங்கும். பிள்ளைகள் தங்கள் சைக்கிளைக் கொண்டு வரட்டும். பிரேக் ஏன் பிடிக்கிறது, ஆணி ஏன் உடைகிறது என்று தமிழில் சொல்லிக் கொடுப்போம். முறுக்குவிசை என்ற சொல்லை நானே அகராதி பார்த்துத்தான் எழுதினேன். நண்பன் ஒருவன் அது தீபாவளிப் பலகாரமா என்று கேட்டான். முன்னாள் மாணவர்களில் பொறியாளர்கள் எத்தனை பேர்! ஒரு சனிக்கிழமை கிடைக்காதா?

போன தீபாவளி விடுமுறையில் தம்பியை உட்கார வைத்து நாணயச் சோதனையைக் காட்டினேன். இருபது சென் காசால் கார்பனை மெதுவாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடத்தில் சத்தம் கணீரென்று இருக்கும்; அடுக்கு பிரிந்த இடத்தில் மந்தமாக ஒலிக்கும். குழாயின் கனம் மாறும் இடத்திலும் சத்தம் மாறும் என்பதால் இதை மட்டும் நம்பிவிடக் கூடாது என்றும் சொன்னேன். அவன் என் பிரேமை மடியில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் தட்டினான். பொங்கல் மேளத்துக்குப் பயிற்சியா என்று அப்பா கேட்டுவிட்டுப் போனார்.

"அண்ணே, இங்க சத்தம் வேற மாதிரி இருக்கு."

பழைய புடைப்புக்கு நேர் எதிரே, வலப்பக்கக் குழாயில் காட்டினான். நான் தட்டிப் பார்த்தேன். ஒருமுறை வேறாகக் கேட்டது, மறுமுறை இல்லை. அவனை மீண்டும் தட்டச் சொன்னேன். அந்த இடத்தில் ஒரு துண்டு வெள்ளை நாடாவை ஒட்டிவிட்டு, பேருந்தில் திரும்பி வந்தேன். பிரேமைக் கழற்றி விடுதி அறையில் சாய்த்து வைத்திருக்கிறேன். ஆய்வுக்கூட உதவியாளர் வியாழக்கிழமை கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.