இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறதா? 'பிள்ளை பெத்தா அப்படித்தான்' என்று விட்டுவிடலாமா?

"பிள்ளை பெத்தா அப்படித்தான், போகப்போக பழகிடும்." தும்மும்போது சிறுநீர் கசிவதாகச் சொல்லும் பெண்களுக்கு வீட்டில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான். பிரச்னை பலருக்கும் வருவது உண்மை. ஆனால் பழகிக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை. பெரும்பாலும் பயிற்சியிலேயே குறைக்க முடியும்.

பெல்விக் ஃப்ளோர் என்றால் என்ன?

இடுப்பெலும்பின் அடியில், முன்பக்கத்தில் இருந்து வால் எலும்பு வரை தூளி போல விரிந்திருக்கும் தசைகள்தான் இவை. தமிழில் இடுப்புத் தளத் தசைகள். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழே இருந்து தாங்குகின்றன. சிறுநீரையும் மலத்தையும் அடக்க உதவுவதும் இவைதான்.

ஏன் தளர்கின்றன?

கர்ப்பகால எடை, சுகப்பிரசவம், குறிப்பாக ஆயுதம் போட்டு எடுக்கும் பிரசவம் ஆகியவை முக்கியக் காரணங்கள். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவது, உடல் பருமன், தீராத இருமல், மலச்சிக்கல், கனமான சுமை தூக்குவது ஆகியவையும் சேரும். சிசேரியனில் ஆபத்து குறைவுதான். அறவே இல்லை என்று சொல்ல முடியாது. புரோஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆண்களுக்கும் கசிவு வரலாம்.

கண்டுகொள்ளாமல் விட்டால்?

கசிவுக்குப் பயந்து பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். சிறுநீர் அடர்த்தியாகி சிறுநீர்ப்பையை உறுத்தும், மலச்சிக்கலும் கூடும். அதாவது பிரச்னை இன்னும் மோசமாகும். தசைகள் ரொம்பவே தளர்ந்தால் கர்ப்பப்பை இறக்கம் ஏற்படலாம். நேபாளத்தில் இது எவ்வளவு பெரிய பிரச்னை என்றால், 2008-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தலையிட்டு, இதைப் பெண்களின் இனப்பெருக்க சுகாதார உரிமை சார்ந்த விஷயமாகப் பார்க்க வேண்டும் என்றது.

பயிற்சியை எப்படிச் செய்வது?

வாயு வெளியேறாமல் அடக்குவது போல, அந்த இடத்தை மட்டும் உள்ளே இழுத்துப் பிடிக்கணும். சில நொடிகள் கழித்து முழுசா தளர்த்தணும். வயிறு, தொடை, பிட்டத்தை இறுக்கக் கூடாது. மூச்சையும் அடக்கக் கூடாது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு சொல்லும் அளவு: ஒரு வேளைக்குக் குறைந்தது 8 முறை, தினமும் 3 வேளை, குறைந்தது 3 மாதம். அதுவும் பயிற்சி பெற்றவரின் கண்காணிப்பில்.

சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுவது தவறு. சிலருக்குத் தசைகள் தளராமல், அளவுக்கு மீறி இறுகியிருக்கும். வலி இருந்தால் பயிற்சியைத் தொடங்கும் முன் டாக்டரிடம் காட்டுவது நல்லது.

உடனே டாக்டரைப் பார்க்க வேண்டியது எப்போது?

* பிறப்புறுப்பில் ஏதோ இறங்குவது போல இருந்தால்
* சிறுநீரில் ரத்தம் அல்லது எரிச்சல் இருந்தால்
* சிறுநீர் போக முடியாமல் அடைத்தால்
* மலம் கசிந்தால்

தமிழ்நாட்டில் என்ன இடைவெளி?

தேசிய குடும்பநல ஆய்வு-5 படி, தமிழ்நாட்டில் 99.6% பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. குழந்தைக்கு 6, 10, 14-வது வாரங்களில் தடுப்பூசி போட தாய் மறுபடி வருகிறார். குழந்தையின் எடையைப் பார்க்கிறார்கள். "உங்களுக்குக் கசிவு இருக்காம்மா?" என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் வருவதில்லை. தாயும் கூச்சத்தில் வாய் திறப்பதில்லை.

பிரான்ஸில் பிரசவத்துக்குப் பிறகு இந்தத் தசைகளுக்கான பயிற்சிக்கு, பொதுவாக 10 அமர்வுகள் வரை, அரசு காப்பீடே பணம் கொடுக்கிறது. 2021-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபி ஏற்கெனவே இருக்கிறது. இதில் தாய்மார்களையும் சேர்க்கப் புதுக் கட்டடமோ விலை உயர்ந்த கருவியோ தேவையில்லை. தடுப்பூசி நாளில் அந்த ஒரு கேள்வியைக் கேட்பதில் இருந்தே தொடங்கலாம்.